ஏற்றத்தில் நிறுத்தி எடுத்தால் வண்டி பின்னால் உருளுகிறது, ட்ரயலுக்கு இன்னும் மூன்று வாரம்தான்

லிந்துலைப் பிள்ளை:

வணக்கம். நேராக விஷயத்துக்கு வருகிறேன். போன மாதம் ட்ரயலில், அதாவது லைசனுக்கு வண்டி ஓட்டிக் காட்டுகிற பரீட்சையில், பெயிலாகிவிட்டேன். எழுத்துப் பரீட்சையில் 40 கேள்வியையும் தமிழில் எழுதி முதல் தடவையே பாஸ் பண்ணியவள் நான். ட்ரயலிலும் ரிவர்ஸ் சரி, பார்க்கிங் சரி, ரோட்டில் இறக்கிய பிறகும் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது, ஒரு ஏற்றம் வரும்வரை.

வளைவைத் தாண்டியதும் பரிசோதகர் ஐயா சிங்களத்தில் "நவத்தன்ன", நிறுத்துங்கள், என்றார். நிறுத்தி ஹேண்ட் பிரேக்கை இழுத்தேன். கொஞ்ச நேரம் எதையோ எழுதிவிட்டு "யமு", போவோம், என்றார். ஃபர்ஸ்ட் கியர் போட்டுக் கிளச்சை விட்டேன், எஞ்சின் ஓஃப். திரும்ப ஸ்டார்ட் பண்ணினேன், திரும்பவும் ஓஃப். அதற்குள் பின்னால் ஒரு தேயிலைக் கொழுந்து லொறி வந்து நின்று ஹோர்ன் அடிக்கத் தொடங்கிவிட்டது. மூன்றாவது தடவை பதற்றத்தில் ஹேண்ட் பிரேக்கை முதலில் இறக்கிவிட்டேன் போல, வண்டி லொறியை நோக்கிப் பின்னால் உருண்டது, ஐயாவே கையை நீட்டி ஹேண்ட் பிரேக்கை இழுத்தார். அவர் ஏசவில்லை. "ஹெமின், ஹெமின்", மெதுவாக, மெதுவாக, என்று மட்டும் சொன்னார். ஏசியிருந்தால்கூடத் தேவலை.

வண்டி பழக்குகிற லேர்னர்ஸில் கட்டிய காசுக்குரிய நாட்கள் எல்லாம் முடிந்துவிட்டன. அதில் ஏற்றத்தில் நிறுத்தி எடுக்கப் பழக்கியது இரண்டே இரண்டு தடவை, அதுவும் "பயப்படாதீங்க மிஸ், பயப்படாதீங்க" என்பதைத் தவிர வேறு விளக்கம் இல்லை. த்ரீவீல் ஓட்டுகிற தம்பி நல்லா எக்சலேட்டரை மிதி என்கிறான், மிதித்தால் வண்டிக்குள் கருகுகிற வாசம் வருகிறது. மாமா ஹேண்ட் பிரேக்கே தேவையில்லை, கால் பிரேக்கில் எடுக்கலாம் என்கிறார். யார் சொல்வது சரி? மலையில் பிறந்து மலையில் வளர்ந்தவளுக்கு ஏற்றத்தில் வண்டி எடுக்கத் தெரியவில்லை என்று வீட்டில் சிரிப்பு வேறு.

காலையில் முன்பள்ளிக்கு நான்கு கிலோமீற்றர், பஸ் தவறினால் நடைதான். லைசன் எனக்குக் கட்டாயம் வேண்டும்.

ஓட்டோ கியர்:

கிளச் இல்லாத ஓட்டோ கியர் வண்டி எடுங்கள் அக்கா. புதிய வண்டிகளில் ஹில் ஹோல்ட் இருக்கிறது, பிரேக்கில் இருந்து காலை எடுத்தாலும் இரண்டு மூன்று செக்கன் அதுவே பிடித்துக்கொள்ளும். கிளச்சோடு மல்லுக்கட்டுகிற காலம் முடிந்துவிட்டது.

லிந்துலைப் பிள்ளை:

தம்பி, வீட்டில் நிற்பது மேனுவல் ஆல்டோ, அதையே நானும் தம்பியும் சீட்டுக் காசில்தான் வாங்கினோம். ஓட்டோ வண்டி விற்கிற விலைக்கு நான் இன்னும் எத்தனை சீட்டு எடுக்க வேண்டும்?

எல் போர்ட் மாஸ்டர்:

தங்கச்சி, நான் கண்டிப் பக்கம் பழக்குகிறவன், பதினான்கு வருடமாக இதே வேலை. நீங்கள் எழுதியதை வாசித்தாலே எங்கே பிழைத்தது என்று தெரிகிறது. முதல் இரண்டு தடவையும் எக்சலேட்டர் கொடுக்காமல் கிளச்சை விட்டிருக்கிறீர்கள், மூன்றாவது தடவை கிளச் பிடிக்கும் முன்னால் ஹேண்ட் பிரேக்கை இறக்கியிருக்கிறீர்கள். ஒவ்வொன்றும் செய்யத் தெரியும், எதற்குப் பிறகு எது என்பதுதான் மாறிப்போய்விட்டது.

ஒரு கணக்குச் சொல்கிறேன், கோபிக்க வேண்டாம். சின்ன வண்டிதான், ஆனால் நீங்கள், பரிசோதகர், பின்னால் ஒருவர் என்று எல்லோரையும் சேர்த்தால் ஆயிரம் கிலோ என்று வையுங்கள். பத்து அடிக்கு ஒரு அடி உயருகிற ரோட்டில் அந்த வண்டியைப் பின்னால் இழுக்கிற பாரம் ஏறக்குறைய நூறு கிலோ. அதாவது யாரோ இரண்டு சீமெந்து மூட்டையைக் கயிற்றில் கட்டி வண்டிக்குப் பின்னால் தொங்கவிட்ட மாதிரி. அந்த இரண்டு மூட்டையையும் எந்த நேரமும் யாராவது ஒருவர் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும், முதலில் ஹேண்ட் பிரேக், பிறகு எஞ்சின். ஹேண்ட் பிரேக் கையை விட்டு எஞ்சின் இன்னும் கையைக் கொடுக்காத அந்த இடைவெளியில்தான் வண்டி உருளுகிறது. ஆகவே எஞ்சின் பிடித்துவிட்டது என்று உங்களுக்கு நிச்சயமாகத் தெரியும்வரை ஹேண்ட் பிரேக்கை விடக்கூடாது, பின்னால் லொறி நின்றாலும் சரி ரயிலே நின்றாலும் சரி.

பிடித்துவிட்டது என்று எப்படித் தெரியும்? அதைத்தான் பழக வேண்டும், ஏற்றத்துக்குப் போகாமல் சமதரையில். மலைநாட்டில் சமதரைக்கு எங்கே போவது என்பீர்கள். மைதானம், கோயில் திடல், ஃபெக்டரி முற்றம், எங்காவது இருபது அடி கிடைத்தால் போதும். எக்சலேட்டரைத் தொடவே தொடாதீர்கள். ஃபர்ஸ்ட் கியர் போட்டு, கிளச்சை மட்டும், குதிகாலைத் தரையில் ஊன்றிக்கொண்டு, மயிரிழை மயிரிழையாக விடுங்கள். ஓர் இடத்தில் எஞ்சின் சத்தம் கனத்து வண்டி மெல்ல அசையும். உடனே அமத்துங்கள். திரும்ப விடுங்கள், அசைந்ததும் அமத்துங்கள். ஐம்பது தடவை. கால் வலிக்கும், பரவாயில்லை. அந்த இடம் எங்கே என்று உங்கள் இடது காலுக்குத் தெரிந்துவிட்டால் மிச்சம் எல்லாம் லேசு.

அதன் பிறகு ஒரு சின்ன ஏற்றம். கால் பிரேக்கில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக்கை முழுதாக இழுத்து, கால் பிரேக்கை விட்டுப் பாருங்கள், வண்டி நிற்க வேண்டும். கிளச்சை அமத்தி ஃபர்ஸ்ட் கியர். இப்போது எக்சலேட்டர், கொஞ்சமாக, ஆனால் ஒரே சீராக. எஞ்சின் சுற்றுக் காட்டுகிற மீற்றர் உள்ள வண்டி என்றால் 1500க்கும் 2000க்கும் நடுவில், இல்லை என்றால் காதுதான். நீங்கள் தோட்டப் பக்கம் என்றால் ஃபெக்டரியில் ரோலர் ஓடுகிற சத்தம் தெரிந்திருக்கும், ஏறாமல் இறங்காமல் ஒரே மாதிரி போகுமே, அப்படி. வலது காலை அங்கேயே வைத்துக்கொண்டு கிளச்சை மெல்ல விடுங்கள். சத்தம் ஒரு படி இறங்கும், வண்டி இலேசாக நடுங்கும், பொனட் கொஞ்சம் தூக்கும், பின்பக்கம் அமரும். அங்கே இரண்டு காலையும் கல் மாதிரி நிறுத்துங்கள். கண்ணாடி, சிக்னல், வலது தோளுக்கு மேலால் ஒரு பார்வை. பிறகு ஹேண்ட் பிரேக்கைச் சற்று மேலே இழுத்துப் பொத்தானை அமத்தி, மெதுவாக இறக்குங்கள். சரியாகச் செய்திருந்தால் வண்டி முன்னாலும் போகாது பின்னாலும் போகாது, அப்படியே நிற்கும். முதன்முதலில் அப்படி நிற்கும்போது பெரும்பாலான பிள்ளைகள் சிரித்துவிடுவார்கள். எக்சலேட்டரை இன்னும் கொஞ்சம் கொடுத்துக் கிளச்சை மிச்சம் விட்டால் போய்விடும்.

அந்தப் பிடியில் நெடுநேரம் நிற்க வேண்டாம். இரண்டு மூன்று செக்கனுக்குள் புறப்பட முடியவில்லை என்றால் கிளச்சைத் திரும்ப அமத்திவிடுங்கள், ஹேண்ட் பிரேக் இருக்கிறதுதானே. அந்தக் கருகுகிற வாசம் கிளச் பிளேட் தேய்கிற வாசம், தம்பியிடம் சொல்லுங்கள். த்ரீவீல் கிளச் கையில் இருக்கிறது, எடையும் கொஞ்சம், அவன் பழக்கம் உங்களுக்குச் சரிவராது.

ட்ரயலில் அவசரம் காட்டாதீர்கள். நான் கூட்டிக்கொண்டு போனவர்களில் மெதுவாக எடுத்ததற்காகப் பெயிலானவர் ஒருவரைக்கூட நான் பார்த்ததில்லை.

பழைய லேலண்ட்:

மாஸ்டர் சொல்வது ட்ரயலுக்குச் சரி. ரோட்டுக்கு மாமா சொல்வதும் சரிதான் மகள்.

நான் இருபத்தாறு வருடம் பஸ் ஓட்டியவன், பெரும்பாலும் அவிசாவளையில் இருந்து கித்துல்கல, கினிகத்தேனை, ஹட்டன், தலவாக்கலை, நானுஓயா என்று ஏறுகிற ஏ7 ரோட்டில்தான். நிறைசனத்தோடு ஏற்றத்தில் ஒரு கிழவி கையைக் காட்டுவாள். நிறுத்தாமல் போக மனம் வராது, நிறுத்தினால் எடுக்கிற பாடு எங்களுக்குத்தான் தெரியும். அந்தக் காலத்து வண்டிகளில் ஹேண்ட் பிரேக் என்பது பெயருக்குத்தான், நான் நிறுத்தினதும் கொண்டக்டர் மரக்கட்டையைத் தூக்கிக்கொண்டு பின்னால் குதிப்பான், டயருக்கு அடியில் செருகுவான், நான் எடுத்ததும் கட்டையையும் தூக்கிக்கொண்டு ஓடிவந்து ஃபுட்போர்டில் தொற்றுவான். சில கொண்டக்டர்மார் ஓடிவந்ததை நினைத்தால் இப்போதும் நெஞ்சு பதறுகிறது. வலது காலின் முன்பாதி பிரேக்கில், குதி எக்சலேட்டரில், இரண்டையும் ஒரே காலால் பார்ப்போம். அது உங்களுக்கு வேண்டாம், சொல்ல வந்தது வேறு.

ஹட்டன் டவுனில் ஒரு சனிக்கிழமை பாருங்கள், ஐந்து அடி நகரும், நிற்கும், ஐந்து அடி நகரும், நிற்கும். அதில் ஒவ்வொரு தடவையும் ஹேண்ட் பிரேக்கை இழுத்து இறக்கிக்கொண்டிருக்க முடியாது. கால் பிரேக்கை அமத்தியபடி கிளச்சைப் பிடிக்கிற இடத்துக்குக் கொண்டுவந்து, வண்டி நடுங்கியதும் பிரேக்கை விட்டு எக்சலேட்டருக்குப் போகிற பழக்கம் எப்படியும் வரத்தான் வேண்டும். ஆனால் ட்ரயலுக்கு முன்னால் இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். லைசன் கையில் வந்த பிறகு மாமாவிடம் அதைப் பழகலாம்.

இன்னொன்று, ஏற்றத்தில் முன்னால் நிற்கிற வண்டியின் வாலில் போய் ஒட்டாதீர்கள். அதன் பின் டயர் ரோட்டில் தொடுகிற இடம் உங்கள் சீட்டில் இருந்து தெரிய வேண்டும், அவ்வளவு இடம் விடுங்கள். உங்களை மாதிரியே அவரும் புதியவராக இருக்கலாம். இறக்கத்தைப் பற்றி யாரும் கேட்பதில்லை, எல்லோருக்கும் ஏற்றம்தான் பயம். எனக்கு இறக்கம்தான் பயம். எந்தக் கியரில் ஏறுவீர்களோ அதே கியரில் இறங்குங்கள். பெற்றோல் மிச்சம் என்று நியூட்ரலில் விட்டு இறக்குகிறவர்கள் இருக்கிறார்கள், எஞ்சின் பிடிக்காமல் பிரேக்கை மட்டும் அமத்திக்கொண்டே வந்தால் சூடேறிப் பிடிக்காமல் போகும். பெரிய வண்டிகளை நானுஓயா ரதெல்ல குறுக்கு ரோட்டில் விடக்கூடாது என்று வைத்திருப்பது சும்மா இல்லை. ஏறுகிற வண்டிக்கு இறங்குகிறவர் வழிவிட வேண்டும் என்பதும் அப்போது எல்லோருக்கும் தெரியும். இப்போது வேனில் வருகிற பொடியன்மாருக்கு அதைச் சொன்னால் லைட் அடிக்கிறார்கள்.

எல் போர்ட் மாஸ்டர்:

ஐயா சொன்னதில் எனக்கு ஒன்றுதான் மறுப்பு. ஐந்து அடிக்கு ஒரு தடவை ஹேண்ட் பிரேக் போடச் சோம்பல்பட்டுக் கிளச்சிலேயே வண்டியைத் தொங்கவிடுகிறவர்களும் இதைத்தான் சொல்கிறார்கள். பிரேக்கில் நின்று எடுப்பது வேறு, கிளச்சில் தொங்குவது வேறு. புதியவர்களுக்கு முதலாவது என்று சொன்னால் இரண்டாவதைத்தான் செய்கிறார்கள்.

பழைய லேலண்ட்:

அது உண்மை. அவர்கள் காசு கராஜுக்கு.

கராஜ் பொடியன்:

காசு என்றதும் வந்துவிட்டேன். பண்டாரவளையில் சின்னதாக ஒரு கராஜ்.

அக்கா, எல்லோரும் உங்கள் காலைப் பற்றியே பேசுகிறார்கள், வண்டியை யாராவது பார்த்தீர்களா? ட்ரயலுக்குப் போனது லேர்னர்ஸ் வண்டிதானே. நாள் முழுக்கப் புதியவர்கள் மிதிக்கிற வண்டி, கிளச் பிளேட் தேய்ந்து பிடிக்கிற இடம் உச்சிக்குப் போயிருக்கும், பெடலை ஏறக்குறைய முழுதாக விட்ட பிறகுதான் பிடிக்கும். வீட்டு ஆல்டோவில் அது கீழேயே பிடிக்கலாம். ஒன்றில் பழகி மற்றதில் ட்ரயல் கொடுத்தால் கால் ஏமாறத்தான் செய்யும். ட்ரயலன்று காலையில் அந்த வண்டியில் ஐந்து நிமிடமாவது கேட்டு வாங்கி, மாஸ்டர் சொன்ன மாதிரி அசைகிற இடத்தைக் கண்டுபிடித்து வையுங்கள்.

ஹேண்ட் பிரேக்கையும் பாருங்கள். சின்ன வண்டிகளில் அது ஒரு கம்பி, பின் சில்லு இரண்டையும் இழுக்கிறது, அவ்வளவுதான். நாளாக நாளாக அந்தக் கம்பி இளகும். இழுக்கும்போது டிக் டிக் என்று கேட்கிறதே, அதை எண்ணுங்கள், கூரையைத் தொடுகிற அளவுக்கு இழுத்தும் பிடிக்கவில்லை என்றால் டைட் பண்ண வேண்டும். சோதிப்பது லேசு. சமதரையில், முன்னால் ஆள் இல்லாத இடத்தில், ஹேண்ட் பிரேக்கை இழுத்து ஃபர்ஸ்ட் கியரில் எக்சலேட்டர் இல்லாமல் கிளச்சை மெதுவாக விடுங்கள். எஞ்சின் திணறி ஓஃப் ஆகப் போனால் பிரேக் பிடிக்கிறது. பிரேக்கையும் இழுத்துக்கொண்டு வண்டி நடந்தால் பிடிக்கவில்லை.

அப்புறம் ஒரு விஷயம், இதை யாரும் சொல்லித்தர மாட்டார்கள். நுவரெலியா கடல்மட்டத்தில் இருந்து 1,868 மீற்றர் உயரம். அங்கே காற்றின் அழுத்தம் கொழும்பைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. எஞ்சினுக்குக் காற்றுக் குறைந்தால் இழுவையும் குறையும், டர்போ இல்லாத சின்னப் பெற்றோல் எஞ்சினில் அது நன்றாகவே தெரியும். கொழும்பில் இருந்து இங்கே வருகிறவர்கள் என் வண்டிக்கு ஏதோ வருத்தம் என்று கராஜுக்குக் கொண்டுவருவார்கள், வருத்தம் வண்டிக்கு இல்லை, காற்றுக்கு. ஆகவே கொழும்பில் யாராவது "எக்சலேட்டர் தேவையே இல்லை, கிளச்சை விட்டாலே ஏறும்" என்று வீடியோ போட்டிருந்தால் அது அவர்களுக்கு. லிந்துலையில் உங்களுக்குக் கொஞ்சம் கூடத்தான் வேண்டும்.

லிந்துலைப் பிள்ளை:

எல்லோருக்கும் நன்றி, இவ்வளவு எழுதுவீர்கள் என்று நினைக்கவில்லை. காற்று விஷயத்தைத் தம்பிக்கு வாசித்துக் காட்டினேன், அவன் நம்பவில்லை.

இன்றைக்குக் கோயில் திடலில் கிளச்சை மட்டும் வைத்து நாற்பது தடவைக்கு மேல் செய்தேன். கெண்டைக்கால் இறுகிவிட்டது, ஆனால் இடம் தெரிகிறது. ஒரு கேள்வி: எஞ்சின் ஓஃப் ஆனால் என்ன செய்வது? எனக்கு உண்மையில் அதுதான் பயம். ஓஃப் ஆனதும் தலைக்குள் ஒன்றும் இல்லை, ஹோர்ன் மட்டும்தான் கேட்கிறது.

அப்புத்தளைக்காரி:

நான் இரண்டு தடவை பெயிலானவள், ஆகவே இதற்குப் பதில் சொல்ல எனக்குத்தான் உரிமை.

ஓஃப் ஆனால் முதலில் கால் பிரேக், கூடவே ஹேண்ட் பிரேக். எஞ்சின் நின்றாலும் பிரேக் உடனே இல்லாமல் போகாது, இரண்டு மூன்று அமத்தலுக்கு வழக்கமான மாதிரியே இருக்கும், அதன் பிறகுதான் பெடல் கல்லாகும், ஆகவே ஒரே அமத்தாக அமத்திப் பிடியுங்கள், குத்திக் குத்தி அமத்தாதீர்கள். பிறகு கியரை நியூட்ரலுக்கு எடுங்கள். இப்போது வண்டி எங்கும் போகாது. இங்கே ஒரு மூச்சு. நான் சும்மா சொல்லவில்லை, உண்மையாகவே மூச்சை இழுத்து விடுங்கள், அது இல்லாமல் சாவியைத் திருப்பினால் பழைய பிழையே திரும்ப வரும். அப்புறம் கிளச், சாவி, ஃபர்ஸ்ட் கியர், முதலில் இருந்து. பாதியில் விட்ட இடத்தில் இருந்து தொடங்காதீர்கள், அப்படித் தொடங்கித்தான் நீங்கள் மூன்றாவது தடவை ஹேண்ட் பிரேக்கை முதலில் இறக்கியிருப்பீர்கள். நானும் அதையேதான் செய்தேன்.

ஹோர்ன் பற்றி. எனக்கு இரண்டாம் தடவையும் பெயில் ஆனதற்குப் பின்னால் என் அப்பா ஒரு வேலை செய்தார். ஞாயிற்றுக்கிழமை பின்னேரம், வண்டி வராத தோட்ட ரோடு, எல் போர்ட் இரண்டையும் கட்டி என்னை ஓட்டச் சொல்லிப் பக்கத்தில் இருந்தார். லைசன் உள்ளவர் ஒருவர் பக்கத்தில் இருக்காமல் தனியாகப் போய்விடாதீர்கள். காலிப் பால்மாப் பெட்டி ஒன்றைப் பின் டயருக்கு ஒரு சாண் தள்ளி வைத்தார். பெட்டி நசுங்காமல் எடுத்தால் ஒரு புள்ளி. முதல் நாள் ஆறு பெட்டி நசுங்கியது, வீட்டில் பெட்டி தீர்ந்துபோய் பக்கத்து வீட்டில் வாங்கினோம். மூன்றாம் ஞாயிறு ஒரே பெட்டியை வைத்து இருபது தடவை எடுத்தேன். பிறகு என் அண்ணாவை மோட்டார் சைக்கிளில் பின்னால் கொஞ்சம் தூரம் தள்ளி நிறுத்தி விடாமல் ஹோர்ன் அடிக்கச் சொன்னார். அவன் அதை ரசித்துச் செய்தான், நாசமாய்ப் போனவன். ஆனால் பத்துத் தடவைக்குப் பிறகு அது மழைச் சத்தம் மாதிரி ஆகிவிட்டது.

மழை என்றதும் ஞாபகம் வந்தது. ட்ரயலன்று மழை பெய்தால் எக்சலேட்டரைக் கூட்டாதீர்கள். ஆல்டோவுக்கு முன் சில்லுதான் இழுக்கிறது, ஏற்றத்தில் பாரம் பின்னால் போய்விடுவதால் முன் சில்லு இலகுவாகி, ஈர ரோட்டில் சுற்றத் தொடங்கும். பாசி பிடித்த ஓரத்தில், சருகு கிடக்கிற இடத்தில் நிறுத்த நேர்ந்தால் ஒரு முழம் முன்னால் தள்ளி நல்ல ரோட்டில் நிறுத்துங்கள். சில்லு சுற்றினால் எக்சலேட்டரைக் குறையுங்கள், கூட்டினால் இன்னும் சுற்றும். செருப்பையும் கவனியுங்கள், ஈரமான ரப்பர் செருப்பு பெடலில் வழுக்கும். நான் பாட்டியின் பழைய கன்வஸ் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு போய்த்தான் பாஸ் பண்ணினேன், பார்க்கச் சகிக்காது, ஆனால் அடி மெல்லியது, பெடல் நன்றாகத் தெரிந்தது.

கராஜ் பொடியன்:

ஏற்றத்தில் நிறுத்திவிட்டு இறங்கிப் போவதைப் பற்றியும் கேட்கலாம், எங்கள் ஊரில் கேட்கவும் செய்கிறார்கள். மேலே பார்த்து நிறுத்தினால் ஃபர்ஸ்ட் கியர், கீழே பார்த்து நிறுத்தினால் ரிவர்ஸ் கியர், இரண்டுக்கும் ஹேண்ட் பிரேக். இடப்பக்கம் ரோட்டோரத்தில் உயர்ந்த கட்டு இருந்தால் மேலே பார்த்து நிற்கும்போது ஸ்டியரிங்கை வலப்பக்கம் திருப்பி வையுங்கள், உருண்டால் சில்லு கட்டில் முட்டி நிற்கும். கீழே பார்த்தால் இடப்பக்கம். கட்டு இல்லாத ரோட்டில் இரண்டுக்கும் இடப்பக்கம்தான், உருண்டாலும் நடு ரோட்டுக்கு வராமல் ஓரத்துக்குப் போகும். அந்த ஓரத்தில் பள்ளம் என்றால் அங்கே நிறுத்தவே வேண்டாம்.

லிந்துலைப் பிள்ளை:

இரண்டு வாரம் கழித்து எழுதுகிறேன். மாமா பக்கத்தில், பால்மாப் பெட்டி பின்னால். முதல் ஞாயிறு நான்கு பெட்டி. நேற்று ஒன்றும் இல்லை. மாமாவுக்குக் கால் பிரேக்கில் எடுக்காதது இன்னும் ஒரு குறைதான், ஆனாலும் வாயை மூடிக்கொண்டு இருந்தார்.

லேர்னர்ஸுக்குப் போய் அந்த வண்டியைக் கேட்டேன். கராஜ் தம்பி சொன்ன மாதிரி சமதரையில் ஹேண்ட் பிரேக்கை இழுத்துக் கிளச்சை விட்டேன், வண்டி பாட்டுக்கு நடந்தது! பழக்குகிறவரின் முகத்தைப் பார்க்க வேண்டுமே. டைட் பண்ணித் தருகிறேன் என்று சொல்லியிருக்கிறார். எல்லாப் பிழையும் என் தலையில் இல்லை என்று தெரிந்ததில் ஒரு நிம்மதி, ஆனால் எக்சலேட்டர் கொடுக்காமல் இரண்டு தடவை ஓஃப் பண்ணியது நான்தான்.

அப்புத்தளைக்காரி:

ட்ரயலன்று காலையில் திரும்பவும் சோதியுங்கள். சொன்னார் என்பதற்காக நம்பாதீர்கள்.

லிந்துலைப் பிள்ளை:

பாஸ்.

ஆனால் கேளுங்கள் அநியாயத்தை. இந்தத் தடவை வேறொரு ஐயா, ஏற்றத்தில் நிறுத்தவே சொல்லவில்லை. சமமான ரோட்டில் கொண்டுபோய், திருப்பி, இடது பக்கம் நிறுத்தச் சொல்லி, இறங்கிப் போய்விட்டார். மூன்று வாரம் பெட்டி வைத்துப் பழகியவளுக்கு எப்படி இருக்கும்? "ஐயா, ஒரு தடவை ஏற்றத்தில் எடுத்துக் காட்டவா" என்று கேட்க வாய் வரைக்கும் வந்தது.

திரும்பி வரும்போது எல் போர்ட்டைக் கழற்றாமல் மாமாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நானே ஆல்டோவை ஓட்டினேன். தலவாக்கலை தாண்டி ஏறும்போது நல்ல தூறல், முன்னால் ஒரு கொழுந்து லொறி ஆள் ஏற்ற நின்றது, பின்னால் பஸ் ஒன்று வந்து ஒட்டியது. லொறியின் பின் டயர் தெரிகிற தூரத்தில் நிறுத்தினேன். லொறி எடுத்தது. எனக்கு ஒரு தடவை ஓஃப் ஆனது. கால் பிரேக், ஹேண்ட் பிரேக், நியூட்ரல், மூச்சு. மாமா ஏதோ சொல்ல வந்தார், கையைக் காட்டி நிறுத்தினேன். இரண்டாவது தடவை வண்டி நடுங்கியது, பொனட் தூக்கியது, ஹேண்ட் பிரேக்கை இறக்கினேன், அப்படியே நின்றது. போனேன்.

பஸ்காரர் ஹோர்ன் அடித்தாராம், மாமா சொன்னார்.